வாலில்லா எலிகள்

அத்தியாயம் 17

சென்ற வாரம் ராஜாத்தியை மோட்டார் கொட்டகை வாசலில், கையில் விளக்குமாறோடும் வாயில் ஒரு கேள்வியோடும் நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அவர் அப்படியே நிற்கவில்லை. கணவரிடமிருந்து பதிலைக் கறந்துவிட்டுத்தான் கொட்டகையைப் பெருக்கினார்.

பதில் இதுதான்: மருமகள் குந்தவையின் ஆராய்ச்சி ஆந்தைகளுக்கு, மாமனார் துரைராசு யாருக்கும் தெரியாமல் எலி போட்டிருக்கிறார்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விலங்கியல். குந்தவை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். கீழநாவலூரில் மாமனார் வயலைச் சுற்றி மரப்பெட்டிகள் வைத்து ஆந்தைகளைக் குடியேற்றி, ஓர் ஆந்தைக் குடும்பம் எத்தனை எலியைப் பிடித்து நெல்லைக் காப்பாற்றுகிறது என்று பார்க்கிறாள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். பிறகு எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டையை உடைத்து, எலும்பைப் பொறுக்கி, எலியை எண்ண வேண்டும். இந்த வேலைக்குத்தான் 'உணவுப் பகுப்பாய்வு' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சில உருண்டைகளில் மண்டையோடு இருந்தது, விலா எலும்பு இருந்தது, நான்கு காலும் இருந்தன. வால் எலும்பு மட்டும் இல்லை. ஏன் என்று குந்தவைக்குப் புரியவில்லை. "எலி எலிதானேம்மா, சேர்த்து எண்ணிடு" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அவள் சேர்க்கவில்லை. அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு பருவம் முழுக்க வயலில் கிடந்தாள். ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் வந்த கல்லூரி வேலை ஒன்றும் அதோடு போயிற்று.

வால் எங்கே போயிருந்தது? விவசாயிகள் சங்கத்துக்கு. கீழநாவலூரில் எலி பிடித்தால் வாலை வெட்டிச் சங்கத்தில் காட்ட வேண்டும். எலி செத்ததற்கு அதுதான் சாட்சி. துரைராசு மூங்கில் கிட்டி வைத்து எலி பிடித்தார். வாலைச் சங்கத்துக்குக் கொடுத்தார். மீதியை ஆந்தைக்குக் கொடுத்தார். எதையும் வீணாக்காத குடும்பம்.

இன்று குந்தவைக்குப் பொது வாய்மொழித் தேர்வு.

"இன்னிக்கு நீங்க மூச்சு விடக் கூடாது" என்றார் ராஜாத்தி, விடிந்ததும் முதல் வேலையாக.

"மூச்சு விடாம எப்படிடி இருக்கறது?"

"மூக்கால விடுங்க. வாயத் தொறக்கக் கூடாது. பட்டம் கைக்கு வரட்டும், அப்புறமா அவ கால்ல வேணாலும் விழுவோம்."

"அது படிச்ச புள்ள. சொன்னா புரிஞ்சுக்கும்."

"அவ புரிஞ்சுக்குவா. கேள்வி கேக்க கோயமுத்தூர்லேருந்து ஒரு அம்மா வருதே, அது புரிஞ்சுக்குமா?"

துரைராசு மூக்கால் மூச்சு விட்டார்.

*

இந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு விதிகளைவிட முனைவர் பட்ட விதிகள் நன்றாகத் தெரியும். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழிகாட்டி கிடைக்க வேண்டும். கிடைத்தவர் பாதியில் ஓய்வு பெறாமல் இருக்க வேண்டும். மறுபடி வகுப்பில் உட்கார்ந்து மறுபடி பரீட்சை எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்குழுவுக்கு முன்னால் போய், முன்னேறியதாகக் காட்ட வேண்டும். இரண்டு கட்டுரை அச்சாக வேண்டும். நூலகம், விடுதி, விளையாட்டுத் துறை எல்லோரிடமும் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். குந்தவை பந்தைத் தொட்டதே இல்லை என்பதை உறுதிசெய்ய விளையாட்டுத் துறைக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ராஜாத்திக்கு ஒரு விதியின் மேல்தான் தீராத கோபம்.

"பாத்து எழுதலன்னு மெஷின் சொல்லணுமாம்ல? அவ எழுதுனத நாந்தானே கூடவே உக்காந்து பாத்தேன்? என்னைய வந்து கேக்கறது!"

எல்லாம் முடிந்து, கடைசியில் இருப்பது இந்தப் பொது வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் வருவார். ஆய்வாளர் பேச வேண்டும். தேர்வாளர் கேட்பார். பிறகு பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். பொதுமக்கள் என்பது வழக்கமாக, சமோசா உண்டு என்று சொல்லி அழைத்து வரப்படும் எம்.எஸ்ஸி. முதலாமாண்டு மாணவர்கள்.

ராஜாத்தி சமோசாவை நம்பவில்லை. முதல் நாளே கெட்டி உருண்டை பிடித்து ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய வைத்திருந்தார். வறுத்த மாவில் வெல்லப்பாகை ஊற்றிப் பிடிக்கும் உருண்டை. உள்ளே போனால் அமிர்தம். போவதற்குள் தாடை கழன்றுவிடும்.

"அந்த அம்மா ஒண்ணு வாயில போட்டுச்சுன்னா, கரையற வரைக்கும் கேள்வி வராது" என்றார் குந்தவையிடம்.

"அத்தை, அவங்க கேள்வி கேக்கத்தான் வர்றாங்க."

"கேக்கட்டும். கொஞ்சமா கேக்கட்டும்."

காலை வேன் வந்தது. மதகைத் தாண்டும்போது மூன்று பேரும் வழக்கம்போல வலது பக்கம் பார்க்காமல் வந்தார்கள். வாய்க்காலுக்கு வலது பக்கம் ராஜாங்கத்தின் வயல். துரைராசுவின் உடன்பிறந்த தம்பி. தண்ணீர் முறை யாருக்கு முதலில் என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் முடிந்திருந்தது. குந்தவையின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. இப்போதும் அறுப்புக்கு நிற்கும் சம்பா வயலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வேன் சத்தம் கேட்டதும் முதுகை இன்னும் கொஞ்சம் நன்றாகக் காட்டினார்.

அவர் வயலோரமும் ஓர் ஆந்தைப் பெட்டி உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வாய்க்காலுக்கு அந்தாண்டையும் ஒன்று வேண்டும் என்று ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. குந்தவைதான் தனியாகப் போய்க் கேட்டாள். "நட்டுட்டுப் போ. காலையில வெட்டிப் போட்டுருவேன்" என்றார் ராஜாங்கம். ஆய்வுக்குழுவுக்கும் சின்ன மாமனாருக்கும் நடுவில் நின்று அவள் கம்பத்தை நட்டாள். காலையில் கம்பம் இருந்தது. வெட்ட நேரமில்லை போலிருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.

*

விலங்கியல் துறையின் கருத்தரங்கக் கூடத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு மலைப்பாம்பும் துறையின் முன்னாள் தலைவர்கள் படமும் எதிரெதிரே இருந்தன. முன் வரிசையில் துரைராசுவும் ராஜாத்தியும். ராஜாத்தியின் கையில் செல்போன். அதற்குள் மஸ்கட்டிலிருந்து மகன், குந்தவையின் கணவன் சூர்யபிரகாஷ், வாய் திறந்தபடி உறைந்திருந்தான். நெட்வொர்க்.

"தம்பி, சிரிச்ச மாதிரியே இரு" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, மறு கையால் கணவரின் தோள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, அப்படி.

வெளியூர்த் தேர்வாளர் பேராசிரியர் செந்தாமரை சிரிக்கவில்லை. சிரிக்காதவர் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். குந்தவை பேசினாள். வரைபடம் காட்டினாள். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. கேள்விகளும் நன்றாகத்தான் ஆரம்பித்தன.

பிறகு செந்தாமரை ஆய்வேட்டின் பின்பக்கத்தைத் திறந்தார்.

"வாலில்லாத எலிகள். 'காரணம் அறியப்படவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. ஆந்தை வாலை மட்டும் ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிடுமா?"

"சாப்பிடாதுங்க மேடம்."

"எல்லாப் பெட்டியிலும் இப்படி இருக்கா?"

"இல்லைங்க. ரெண்டு பெட்டியில மட்டும். அதுவும் மழை மாசத்துல."

"அப்ப யாரோ வாலை வெட்டி, எலியைக் கொண்டு வந்து போட்டிருக்காங்க."

"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டுங்க மேடம். ஊர்ல ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க. சந்தேகத்த முடிவா எழுத முடியலைங்க."

"வீட்டில் கேட்டீங்களா?"

"வீட்ல யாரும் பெட்டிகிட்டயே போக மாட்டாங்க மேடம். போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

முன் வரிசையில் துண்டு விறைத்தது.

செந்தாமரை கண்ணாடியைக் கழற்றினார். "நேராவே கேக்கறேன். குஞ்சு சாகக் கூடாதுன்னு நீங்களே போட்டீங்களா?"

குந்தவை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இல்லைங்க மேடம்."

"நம்பணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா ஆய்வாளரே தீனி போட்டிருந்தா இந்த எண்ணிக்கை எதையும் நம்ப முடியாது. யார் போட்டாங்கன்னு தெரியாம நான் பரிந்துரைக்க முடியாது. இன்னொரு பருவம் பார்த்துட்டு வாங்கன்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

இன்னொரு பருவம். குந்தவை சுட்டுக்கோலை மேசை மேல் வைத்தாள். அது உருண்டது, அவள் எட்டிப் பிடிக்கவில்லை.

வழிகாட்டி ஜாஃபர் சாதிக் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். எவ்வளவு பெரிய துக்கத்திலும் நடைமுறையை விடாதவர். "விதிப்படி அடுத்து பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். கேள்வி மட்டும்தான். கருத்து சொல்லக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. அதுக்கு முன்னால ஒரு டீ."

டீயோடு தூக்கும் சுற்றி வந்தது. செந்தாமரை பசியில் இருந்தார் போலிருக்கிறது. ஓர் உருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டார். ராஜாத்தி பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டம் பலித்தது. பலித்த நேரம்தான் தப்பு. கேட்க வேண்டியதையெல்லாம் அந்த அம்மா கேட்டு முடித்திருந்தார்.

"பொதுமக்கள் யாராவது?" என்றார் ஜாஃபர் சாதிக்.

எம்.எஸ்ஸி. மாணவர்கள் சமோசாவைப் பார்த்தார்கள்.

துரைராசு எழுந்தார். துண்டு ராஜாத்தியின் கையிலேயே தங்கிவிட்டது.

"ஏங்க!" என்றார் ராஜாத்தி, மூச்சுக் குரலில்.

"கேள்விதானுங்களே கேக்கணும்?" என்றார் துரைராசு மேடையைப் பார்த்து.

"ஆமாங்கய்யா. கேள்வி மட்டும்."

"சரிங்க. அடைமழை. ஆந்தைக்கு இரை கெடைக்கல. பொட்டியில ரெண்டு குஞ்சு செத்துப்போச்சு. மூணாவது கத்திக்கிட்டுக் கெடக்கு. பக்கத்து வரப்புல, என் கிட்டியில விழுந்த எலி சும்மாக் கெடக்கு. எடுத்துப் போடலாமா, கூடாதா?"

குந்தவை திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

ஜாஃபர் சாதிக் விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார். "ஐயா, இது... கேள்விதான்."

"அடுத்த கேள்விங்க. அந்த எலிக்கு வால ஏற்கெனவே வெட்டி சங்கத்துக்குக் குடுத்தாச்சு. ஆந்தைக்குப் போட்டா வாலோடதான் போடணும்னு சட்டம் இருக்கா?"

செந்தாமரை ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். உருண்டை விடவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"தோ வந்துட்டங்க, முடிச்சுர்றேன். மொத மழையில குஞ்சு செத்தப்ப, இந்தப் புள்ள மோட்டார் கொட்டாயில உக்காந்து அழுவுச்சுங்க. ராத்திரி சோறு திங்கல. வீட்டுக்கு வந்த பொண்ணு அழுவுறத ஒரு மனுசன் எத்தன மழைக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியும்? இதுவும் கேள்விதாங்க."

யாரும் மறுக்கவில்லை.

"கடைசிக் கேள்விங்க. போட்டது மாமனாரா இருந்து, மருமவளுக்கு அது தெரியவே தெரியாதுன்னா, பட்டம் யாருக்குங்க நிறுத்தணும்? எனக்குத்தானே? நான் அஞ்சாவதோட நிறுத்திட்டங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் நினைவு வந்து மறுபடி எழுந்து, குந்தவையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "நான் போட்டத மட்டும் எப்படிம்மா தனியா பிரிச்சு வச்ச?"

இது ஒன்றுதான் அவர் உண்மையாகவே கேட்ட கேள்வி.

"நீங்க போட்டதுன்னு தெரியாது மாமா" என்றாள் குந்தவை. "எனக்குப் புரியாதது எதுவோ அத ஒதுக்கி வச்சேன். அவ்வளவுதான்."

செந்தாமரையின் தாடை மெல்ல மெல்ல வேலை செய்தது. ஒரு முனைவர் பட்டம் ஓர் உருண்டை கரைவதற்காகக் காத்திருந்ததைத் துறையின் முன்னாள் தலைவர்கள் எல்லோரும் படத்திலிருந்து பார்த்தார்கள்.

விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"ஒதுக்கி வச்சது ஒண்ணுகூட மொத்தக் கணக்குல வரலையா?"

"வரலைங்க மேடம். அந்த மாசத்து உருண்டை எல்லாத்தையுமே எடுத்துட்டு, அடுத்த பருவத்த வச்சுத்தான் முடிவு எழுதியிருக்கேன்."

"சேர்க்கச் சொன்னவன் நான்" என்றார் ஜாஃபர் சாதிக், யாரும் கேட்காமலே. "ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல. நல்லவேளை, கேக்கல."

செந்தாமரை ஆய்வேட்டை மூடினார். "சேர்த்திருந்தா இன்னிக்கு எனக்கு வேலை சுலபம். திருப்பி அனுப்பியிருப்பேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தெரியாததைத் தெரியலைன்னு எழுதறதுக்கு ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கீங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். 'காரணம் அறியப்படவில்லை'ங்கறதை எடுத்துட்டு, காரணத்தை எழுதுங்க. எந்தப் பெட்டிக்கு, எந்த மாசம், யார் போட்டாங்க. திருத்தம் வந்ததும் கையெழுத்து. ஐயா, உங்க பேரு?"

"துரைராசுங்க."

"பேரைப் போட்டு, 'நேரில் தெரிவித்தது'ன்னு எழுதணும். ஆய்வேட்டில் அப்படித்தான் முறை."

"குத்தம் பண்ணவன் பேரைப் போடுவாங்களாங்க?"

"தகவல் கொடுத்தவர் பேரைப் போடுவாங்க." செந்தாமரை தூக்கை எட்டிப் பார்த்தார். "இது யார் செஞ்சது? பெட்டியில் போட்டுத் தர முடியுமா?"

கைதட்டல் எழுந்தது. அப்போதுதான் மஸ்கட் உறைநிலையிலிருந்து மீண்டது. "அம்மா, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றான் சூர்யபிரகாஷ்.

*

சாப்பாடு முடிந்து, வேன் நிற்கும் புங்க மரத்தடிக்கு துரைராசு முதலில் வந்துவிட்டார். ராஜாத்தி உள்ளே பேராசிரியருக்கு உருண்டை கட்டிக்கொண்டிருந்தார். குந்தவை வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒரு வருஷம் என்னால போச்சும்மா" என்றார் அவர், வேன் டயரைப் பார்த்தபடி. "அந்த வேலையும் போச்சு. உங்க அத்தைக்கு ஒரு வாரமாத்தான் தெரியும். எனக்கே போன வாரம் அவ திட்டினப்பறந்தான் புரிஞ்சுது."

"ஒரு வருஷம் உங்களால போச்சு மாமா. சரி. மத்த வருஷமெல்லாம் யாரால வந்துச்சு?"

அவர் நிமிர்ந்தார்.

"கல்யாணம் ஆன அடுத்த மாசமே, படிக்கப் போறேன்னு சொன்னேன். எதுக்குன்னு கேக்கல நீங்க. பஸ்ஸுக்கு வண்டியில கொண்டுபோய் விட்டீங்க. வயல்ல ஆந்தை வைக்கணும்னேன். ஊரே சிரிச்சுது. அபசகுனம்னாங்க. நீங்க கம்பம் வெட்டிக் குடுத்தீங்க."

"கம்பம் என்ன பெரிய..."

"பெரிசுதான் மாமா. நன்றிப் பக்கத்துல உங்க பேர் முதல்லேருந்தே இருக்கு. இப்ப உள்ளயும் வரப்போவுது."

துரைராசு துண்டைத் தேடினார். அது இன்னும் ராஜாத்தியிடம்தான் இருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மூணாவது குஞ்சு பொழச்சுதாம்மா?"

"பறந்து போச்சு மாமா. நான்தான் காலுக்கு அடையாள வளையம் போட்டேன்."

"அது போதும்."

அவள் பேனாவை எடுத்தாள். சந்தோஷத்திலும் வேலையை விடாத பெண். "சொல்லுங்க. எந்தெந்தப் பெட்டிக்குப் போட்டீங்க?"

"என்ன எந்தெந்த? மோட்டார் கொட்டாய்ப் பொட்டி ஒண்ணுதான்."

பேனா நின்றது.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட பெட்டிக்கு?"

"ராஜாங்கம் பக்கமா? நான் எதுக்கும்மா அங்க போறேன்? தண்ணிச் சண்டைக்கு அப்புறம் அந்த வரப்புல கால வச்சதே இல்ல."

"மாமா, வாலில்லாத எலி ரெண்டு பெட்டியில இருந்துச்சு."

புங்க மரத்தடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கோடு வந்து சேர்ந்த ராஜாத்தி, "என்னாச்சு? கையெழுத்துப் போடலியா?" என்றார்.

"பாதிக் காரணத்துக்குத்தான் ஆள் கெடைச்சிருக்கு அத்தை."

*

வேன் மதகுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றிய சம்பாவின் மேல் மஞ்சள் வெளிச்சம். குந்தவை டிரைவரிடம் நிறுத்தச் சொன்னாள். மூவரும் இறங்கினார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து ராஜாங்கத்தின் வயல் பக்கம் பார்த்தார்கள்.

ஆந்தைக் கம்பத்தில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் உச்சிப்படியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜாங்கம். ஒரு கை பெட்டியின் வாசலில். மறு கையில் ஓர் எலி தொங்கியது. பின்னங்காலைப் பிடித்திருந்தார். வாலைப் பிடிக்க வழியில்லை, வால் இல்லை.

வேன் சத்தம் நின்றது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பினார். கையில் எலியோடு ஏணியில் பிடிபட்டவர் இனி முதுகைக் காட்டிப் பயனில்லை.

வாய்க்காலுக்கு இந்தாண்டை மூன்று பேர். அந்தாண்டை ஒருவர். நடுவில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராஜாத்தி கணவரின் தோளைப் பார்த்தார். இந்தத் தடவை துண்டை இழுக்கவில்லை. கொண்டுபோய் அவர் தோளில் போட்டார்.

ஏணி லேசாக ஆடியது.

"டேய்" என்றார் துரைராசு. "அடிக்கால் சேத்துல எறங்குது. பாத்து எறங்கு."

ராஜாங்கம் கையிலிருந்த எலியைப் பார்த்தார். பெட்டிக்குள்ளே குஞ்சு கத்தியது. அவர் இறங்கவில்லை, முதலில் எலியை உள்ளே போட்டார்.